பனி ஏன் உப்புக் கரிப்பதில்லை?

மழைத்துளி உறைந்தால் பனி, மழையோ கடலிலிருந்து வருகிறது, அப்படியானால் பனி ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று மகள் மடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒரு திருத்தம்: மழைத்துளி உறைந்தால் கிடைப்பது கண்ணாடி போன்ற பனிக்கட்டி மணி. வெண்பனி பிறக்கும் விதமே வேறு. மேகத்துளிகள் 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் மிதக்கும். அவற்றின் நடுவே ஒரு தூசியைப் பற்றி நுண்ணிய படிகம் உருவானால், நீராவி திரவமாகாமல் நேராக அதன்மேல் படியும். அறுகோணமாக வளர்ந்து, மூலைக்கு ஒரு கிளை விடும். பக்கத்துத் துளிகள் ஆவியாகி அதற்கே தீனியாகும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் உப்பு. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு கடலிலேயே தங்கிவிடும். அலைத்திவலையோடு துளியூண்டு மேலே போவதுண்டு, நாக்குக்குத் தெரியாது. பூமியின் நன்னீரில் ஏறக்குறைய 69 சதவீதம் இப்படி விழுந்து இறுகிய பனிதான், பெரும்பகுதி அண்டார்க்டிகாவில்.