பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

கேள்வி: கிர்கிஸ்தானில் அக்-பெஷிம் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தை ஒட்டிய இடத்தை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படம் பார்த்தேன், மண்மேடு. பார்க்க ஒன்றுமே இல்லையே?

பதில்: இதையே அந்தப் பக்கத்து ராஜா ஒருவர் முன்பே சொல்லிவிட்டார். அவர் சொன்னது நம்மைப் பற்றி!

கி.பி. 630 வாக்கில் அந்த மண்மேடு சூயாப் என்ற நகரம். சூ நதிப் பள்ளத்தாக்கில் சோக்திய வணிகர்கள் (சமர்கண்ட் பக்கத்துக்காரர்கள்) வளர்த்த ஊர். இந்தியாவுக்குக் கிளம்பிய சீனத் துறவி சுவான்சாங் மேலைத் துருக்கியரின் ககானை, அதாவது அந்த ராஜாவைச் சந்தித்தது இங்கேதான். ககானுக்குப் பச்சைப் பட்டு அங்கி, கூடாரமெங்கும் பொன் வேலைப்பாடு. அன்றைய துருக்கியர் நெருப்பைக் கும்பிடுகிறவர்கள். மரத்துக்குள் நெருப்பு இருக்கிறதென்று மர ஆசனத்தில் உட்கார மாட்டார்கள். ஆகவே துறவிக்கு இரும்பு நாற்காலி. மற்றவர்களுக்கு ஆட்டுக்கறியும் மதுவும், இவருக்குத் தேன், திராட்சை வகையறா. சாமியாருக்கென்று தனிப் பந்தி அன்றைக்கே உண்டு, பாருங்கள்.

விருந்துக்கு அப்புறம் அறிவுரை. இந்தியாவுக்குப் போகாதீர்கள், அந்த வெயிலில் உருகிவிடுவீர்கள், அங்கே ஜனங்கள் கறுப்பு, உடம்பில் துணி கிடையாது, மரியாதை தெரியாது, பார்க்க லாயக்கில்லை என்றாராம் ககான். துறவியின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை. சுமார் பத்து வருஷத்தில் காஞ்சிபுரம் வரை வந்து, வெயில்தான், ஆனால் ஜனங்கள் நேர்மையானவர்கள், படிப்பை மதிக்கிறவர்கள் என்று எழுதிவைத்தார். உருகியது சூயாப்தான். சுடாத மண்கல் கட்டடம் எத்தனை நூற்றாண்டு மழைக்குத் தாங்கும்?

தோண்டியபோது புத்தர் கோயில், கிறிஸ்தவ தேவாலயம், சீனப் படையின் கோட்டை எல்லாம் வெளிவந்தன. சீனக் கவிஞர் லி பாய் பிறந்த ஊர் இதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. மண்மேடாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. உஸ்பெகிஸ்தானில் சமர்கண்டின் பீபி கானும் மசூதியில் நீங்கள் வாய்பிளந்து பார்ப்பதில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டுக் கொத்தனார் வேலை. இதை முன்பே இங்கே எழுதி நிறைய வசவு வாங்கியாயிற்று, பரவாயில்லை, இன்னொரு முறை வாங்கிக்கொள்கிறேன். சின்னம் என்றாலே சிமென்ட் மூட்டையோடு ஓடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கண்ணுக்கு ஏதாவது தெரிந்தே ஆகவேண்டுமா? சரி, பக்கத்திலேயே புரானா கோபுரம், பதினோராம் நூற்றாண்டு. நிலநடுக்கத்தில் தலை போய், மிச்சம் சுமார் 25 மீட்டர். அதையும் 1970களில் சோவியத்காரர்கள் பழுதுபார்த்தார்கள். ஆனால் போன தலையைத் திரும்ப ஒட்டவில்லை, அந்த மட்டில் மன்னிக்கலாம்.