பதில்: ஏற்காட்டிலிருந்து ஏப்ரலில் பாங்காக், அம்மாவுக்கு என்ன உடை?

ஏற்காட்டுக் குளிரில் வளர்ந்த அம்மாவுக்கு உடம்பை மறைக்கும் உடையும் வேண்டும், வெந்தும் போகக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பாங்காக்கில் ஏப்ரல், சேலத்து வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்தது. தடித்த பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெல்லிய மல் துணியில், முழங்கை தாண்டிய கையோடு, அக்குளில் இரண்டு விரல் தளர்வாக நான்கு சுடிதார் தைத்துக்கொள்ளுங்கள். கடையில் துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் உள்ளே ஷிம்மீஸ் வேண்டும். லெகிங்ஸ் வேண்டவே வேண்டாம், தொடையில் ஒட்டி உயிரை எடுக்கும். பாங்காக்கின் பெரிய அரண்மனையில் கையில்லாத சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டவர்களை உள்ளே விடமாட்டார்கள். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்வெட்டரை வீட்டிலேயே விடுங்கள் (அவர் ஒளித்து வைப்பார், பெட்டியைச் சோதியுங்கள்). ஏசி பஸ்ஸுக்குத் துப்பட்டாவே போதும்.