அடிமை முறை உலகம் முழுக்க இருந்ததுதானே, ஆப்பிரிக்கர்களை அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றி விற்ற அட்லாண்டிக் வணிகத்தை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

இருந்தது உண்மைதான். ஓடிப்போன அடிமைக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்கிறது பாபிலோனின் ஹமுராபி சட்டம். ரோமில் அடிமையாவதற்குத் தோல் நிறம் காரணமில்லை. முறைப்படி விடுதலை பெற்றவர் குடியுரிமையும் பெறலாம்.

அட்லாண்டிக் கரையில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-இல் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியா சட்டம் போட்டது. தகப்பன் வெள்ளைக்கார முதலாளியே ஆனாலும் சரி, பெற்ற பிள்ளை அவனுடைய சொத்துக் கணக்கில்தான் சேரும். தாய்வழி விதி ரோமிலும் உண்டு. இங்கே அதோடு நிறமும் சேர்ந்து பரம்பரைச் சிறையானது. அளவும் கொடூரம்: சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள், ஏறக்குறைய 18 லட்சம் பேர் நடுவழியிலேயே இறந்துபோனார்கள்.

அப்புறம், 1833-இல் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்த பிரிட்டன் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுக்க முதலாளிகளுக்கு; அடிமைகளாக உழைத்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.