டீச்சரிடம் கேளுங்கள்: இஸ்தோப்பு இல்லாத வீடு

கேள்வி: வணக்கம் டீச்சர். கண்டி டவுனில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹால், இரண்டு சின்ன அறை, குசினி, ஒடுக்கமான பல்கனி. கணவருக்குக் கடையில் வேலை. மகள் இந்த வருடம் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். மகனுக்கு நாலு வயது. அவன் ஓடினால் கீழ்வீட்டார் தடியால் தட்டுகிறார்கள். மழைக்காலத்தில் துணி காயாது, அறைச் சுவரெல்லாம் பூஞ்சணம், அவனுக்கு மூச்சு இழுப்பு. மஸ்கெலியா பக்கத் தோட்டத்தில் தனியாக இருக்கும் மாமியார் அடுத்த மாதம் வேலையை விடுகிறார். அவரைக் கூட்டிவர வேண்டும் என்கிறார் கணவர். எங்கே படுக்க வைப்பேன்? பேசாமல் நாங்களே தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குத் திரும்பிவிடலாமா?
- இரண்டு பிள்ளைகளின் தாய், கண்டி

பதில்: மகள், நான் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் பிறந்தவள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர். அதைப் புகழ எனக்கு மனம் வராது. அடுப்புப் புகையில் அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். பீலியில் குளிக்கப் போனால் வரிசை. ஆனாலும் அந்த நெருக்கடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை போடாமல் நாட்களை ஓட்டினோம் என்றால் அதற்குக் காம்பராவின் முன்னால் இருந்த திறந்த வராந்தா, அந்த இஸ்தோப்புத்தான் காரணம். அப்பாயி அரிசி புடைத்தது அங்கே, நான் பாடம் படித்தது அங்கே, அப்பா கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்ததும் அங்கே. மாடிவீடு கட்டுகிறவர்கள் அறைகளை எண்ணிக் கட்டுகிறார்கள், இஸ்தோப்பை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் வீட்டில் குறைவது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1996இல் என் மாமியாரைக் கண்டிக்குக் கூட்டிவந்தபோது நானும் உங்களைப் போலப் படுக்கையைப் பற்றியே யோசித்தேன். பிள்ளைகளின் அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, “இது உங்க அறை அத்தை” என்றேன். நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்த மனுஷி மூன்றே கிழமையில் பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆளைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் கீழ்வீட்டுச் சிங்கள அம்மா, அவர் மடியிலும் ஒரு பிடி கீரை. அத்தைக்குத் தெரிந்தது தோட்டத்துக் கடையில் பழகிய சிங்களம். அந்த அம்மாவுக்குத் தமிழில் “வாங்க, போங்க” தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் இருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிச்சி.

அடுத்த நாளே வாசற்கதவுக்கு உட்புறம் ஒரு தாழ்ந்த பெஞ்சு போட்டேன். (படிக்கட்டில் எதையும் போட்டு வைக்காதீர்கள், நெருப்பென்றால் எல்லாரும் ஓடுகிற வழி அது.) நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை கதவு திறந்திருக்கும். அத்தை அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார், தேங்காய் துருவுவார், ஏறி இறங்குகிறவர்களோடு பேசுவார். என் பிள்ளைகள் சிங்களம் பழகியது அந்தப் பெஞ்சில்தான்.

ஆகவே முதலில் வாசலை ஒழியுங்கள், பிறகு பல்கனியை. அங்கே பழைய பெட்டிகள் அடுக்கியிருந்தால் இறக்கிவிடுங்கள். படுக்கை இரண்டாவது விஷயம். பேத்தியோடு ஒரே அறையில் அப்பாயி படுக்கலாம், பையன் உங்களோடு. மாமியார் வந்தால் மகளின் படிப்புக் கெடும் என்று உங்களுக்குள் ஒரு பயம் இருக்கும். கெடாது. விடிகாலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) போய்ப் பழகிய உடம்பு விடியுமுன்னே எழும்பிவிடும். ஐந்து மணிக்கு அவர் சாயத்தண்ணி ஊற்ற, பிள்ளை குசினி மேசையில் ஒரு மணித்தியாலம் படிக்கட்டும். தொலைக்காட்சியும் இல்லை, தம்பியும் இல்லை. அதற்கு இரவு எட்டு மணிக்கே தூங்கிவிட வேண்டும்.

பூஞ்சணம் சின்ன விஷயமில்லை, இழுப்புள்ள பிள்ளைக்கு அது விஷம். ஈரத்துணியில் இருக்கிற தண்ணீர் முழுவதும் அறைக்காற்றில் ஏறி, குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. படுக்கை அறையில் இனி ஒரு கைக்குட்டைகூடக் காயப்போடாதீர்கள். கண்டியில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான். ஆறு மணிக்கே துவைத்துப் பல்கனியில் போட்டால் பாதியாவது காயும், மிச்சம் ஜன்னல் திறந்த குளியலறையில். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சோற்றுப்பானையை மூடிச் சமையுங்கள், குசினி ஜன்னலைத் திறந்து வைத்து. பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டக்கூடாது, தூளாகிப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், அப்போது பையன் வீட்டில் இருக்க வேண்டாம். வெளிச்சுவர் ஊறிக் கசிகிறதென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லித் திருத்த வேண்டும். இழுப்புக்கு மருந்தை நிறுத்தாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கீழ்வீட்டார் தட்டுவதற்காக அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். கொங்கிரீட் தளம் காலடிச் சத்தத்தை அப்படியே கீழே இறக்கும். ஹாலில் தடித்த கம்பளம் விரியுங்கள். பின்னேரம் வாவிக்கரையில் ஒரு சுற்று ஓட விடுங்கள், இரவில் தானாகவே அடங்குவான். தீபாவளி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு தட்டு முறுக்கோடு பையனையும் கூட்டிக்கொண்டு கீழே போங்கள். முகம் தெரிந்த பிள்ளையின் சத்தம் வேறு.

லயத்துக்குத் திரும்புவதை இப்போது நினைக்கவே வேண்டாம். பரீட்சை வருடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றாதீர்கள். காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தமானது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாமியார் தோட்டத்தை விட்டு இறங்குமுன் அவருடைய கணக்குகளை முடித்துக்கொள்ள வேண்டும். வேலையை விடும் பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேடு) ஒரு பெயர் என்று எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இரண்டையும் இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அந்தக் காசு அவர் பெயரிலேயே இருக்கட்டும் மகள். பேத்திக்கு ஒரு சட்டை வாங்க மகனிடம் கை நீட்டாத அப்பாயியாக அவர் உங்கள் வாசலில் உட்காரட்டும்.

கேள்வி: நுவரெலியாவில் கடைக்கு மேல் ஒற்றை அறை. நாலு மாதக் குழந்தை. குளிருக்குக் கரிச்சட்டி மூட்டி, ஜன்னலை அடைத்துப் படுக்கிறோம். காலையில் எனக்கும் மனைவிக்கும் தலையிடி. தடித்த திரை போட்டால் சரியாகுமா?
- இளம் தகப்பன், நுவரெலியா

பதில்: தம்பி, இன்றிரவே நிறுத்துங்கள். அந்தத் தலையிடி குளிரால் வந்ததாக இருக்காது. மூடிய அறையில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும். மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அணைந்ததுபோல் தெரியும் தணலிலிருந்தும் வரும். சட்டியை இப்போதே வெளியே வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

குளிருக்கு வேறு வழி உண்டு. படுக்குமுன் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் குழந்தையின் படுக்கையில் வைத்து, சூடேறியதும் எடுத்துவிட்டுக் குழந்தையைக் கிடத்துங்கள். ஒரு தடித்த உடுப்புக்குப் பதிலாக மெல்லியதாக இரண்டு மூன்று போடுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தே இருக்கட்டும்.