ஜிபிஎல் பில்லிங் மென்பொருளை மாற்றி விற்கலாமா?

ஜிபிஎல் 3 என்ற, யாரும் மாற்றவும் பகிரவும் விடும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ள பில்லிங் மென்பொருளைத் திருத்தி ஆம்பூர் ஷூ கடைகளுக்கு விற்றால், மூலநிரலை (சோர்ஸ் கோடை) ஊருக்கே கொடுக்கணுமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டாம் நண்பரே. வாங்கிய கடைக்காரருக்குக் கொடுத்தால் போதும். காசு வாங்கவும் தடையில்லை. ஆனால் அவர் அதை வேலூரில் இன்னொருத்தருக்குக் கொடுத்தால் நீங்க தடுக்க முடியாது. 'யாருக்கும் தரக்கூடாது' என்று எழுதி வாங்கினால் அதுவே உரிம மீறல்.

பலரும் சறுக்குவது, இன்ஸ்டாலரை மட்டும் கொடுத்துவிட்டு வருவதில்தான். அதே பென்டிரைவில் உங்க திருத்தங்களோடு முழு மூலநிரல், அதை ஓடும் மென்பொருளாக மாற்றும் பில்டு ஸ்கிரிப்ட், உரிமக் கோப்பு எல்லாம் போட்டுக் கொடுப்பதே எளிய வழி. பழைய பதிப்புரிமை (காப்பிரைட்) வரிகளை அழிக்காதீங்க. மாற்றியதைத் தேதியோடு குறிப்பிடுங்க.

உங்க சர்வரிலேயே ஓட்டி மாத வாடகைக்கு விட்டால் ஜிபிஎல் மூலநிரல் கேட்காது. அதன் கிளை உரிமமான ஏஜிபிஎல் கேட்கும், இணையம் வழியாகப் பயன்படுத்துறவங்களுக்கும் தரணும். உங்க கையில் இருப்பது எது என்று உரிமக் கோப்பை இன்றே திறந்து பாருங்க.