டால்பின், திமிங்கிலங்களின் உடலில் வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் வைரஸ் நோய்கள் வருமா, வந்தால் நடுக்கடலில் வாழும் விலங்கில் அதை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவன். ஆட்டுக்கொல்லி நோய்க்கான மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். டால்பின்களைப் பெருமளவில் கொன்ற மார்பிலிவைரஸ் அந்த ஆட்டு வைரஸுக்கு நெருங்கிய உறவு என்பதால்தான் இந்த விஷயத்தைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கினேன். மனிதரின் தட்டம்மை, நாய்களின் டிஸ்டெம்பர், 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் ஆகியவற்றின் வைரஸ்களும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

1987-ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் டால்பின்கள் இறந்து ஒதுங்கத் தொடங்கின. அடுத்த ஆண்டின் தொடக்கத்திற்குள் அந்தச் சாவு தெற்கே ஃபுளோரிடா வரை பரவி, 740-க்கும் மேற்பட்ட உடல்கள் கரை சேர்ந்தன. சில விலங்குகளின் ஈரலில் நுண்பாசி ஒன்றின் நஞ்சு இருந்ததால், அந்த நஞ்சேறிய மீன்களைத் தின்றதே காரணம் என்று 1989-இல் வெளியான அறிக்கை முடிவு செய்தது. டால்பின்கள் இறந்துகொண்டிருந்தபோது யாரும் மார்பிலிவைரஸைத் தேடவில்லை, ஏனென்றால் டால்பின், திமிங்கில இனங்களில் அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது. 1988-இல் வட கடலில் சுமார் 18,000 சீல்கள் டிஸ்டெம்பர் போன்ற நோயால் மடிந்தபோதுதான் ஆய்வாளர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. அதே ஆண்டில் வட அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய, டால்பின்களின் சிறிய உறவான கடற்பன்றிகளில் இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது; 1990-இல் ஸ்பெயினின் வலென்சியா அருகே தொடங்கிய பெருஞ்சாவில் மத்தியதரைக் கடலின் வரி டால்பின்களிலும் அது வெளிப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தத் துறையின் மிக முக்கியமான நிகழ்வாக நான் கருதுகிறேன். 1987-88-இல் இறந்த டால்பின்களின் திசுக்கள் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகுக் கட்டிகளில் பத்திரமாக இருந்தன. அவற்றுள் 79 விலங்குகளின் திசுக்களை மீண்டும் எடுத்து மெல்லிய சீவல்களாக்கி, மார்பிலிவைரஸின் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைக் கொண்டு நிறமேற்றிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் வைரஸின் தடம் தெரிந்தது. நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவான ராட்சத செல்கள் இருந்தன. நுண்ணோக்கியில் நோயுற்ற ஆட்டின் நுரையீரலைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை. 1994-இல் வெளியான இந்த ஆய்வு முந்தைய முடிவைப் புரட்டிப் போட்டது. 2013-இல் அதே கரையில் மறுபடியும் சாவு தொடங்கி, 2015 வரை 1,600-க்கும் மேற்பட்ட டால்பின்களைப் பலிகொண்டபோது, எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்ததால் சில வாரங்களிலேயே வைரஸை உறுதி செய்ய முடிந்தது.

நடைமுறையில் பெரிய தடை, உடல் அழுகுவதுதான். தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால், வெளியே நன்றாகத் தெரியும் உடல்கூட உள்ளே வேகமாகக் கெட்டுவிடுகிறது, மார்பிலிவைரஸ் போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களின் மரபுப்பொருள் சிதைந்துவிட்டால், அதைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் எதுவும் கிடைக்காது.

உயிருள்ள திமிங்கிலத்தில் தேடுவதற்கு இப்போது ட்ரோன் பயன்படுகிறது. 2017-இல் சிட்னி அருகே வலசை சென்ற கூன்முதுகுத் திமிங்கிலங்களின் மேலே, மூடியுள்ள பெட்ரித் தட்டுடன் (ஆய்வகங்களில் பயன்படும் வட்டமான சிறு தட்டு) ட்ரோனைப் பறக்கவிட்டு, திமிங்கிலம் மூச்சு விடும் கணத்தில் மட்டும் மூடியைத் திறந்து அந்தத் துளிகளைப் பிடித்தார்கள். 19 திமிங்கிலங்களின் மூச்சிலிருந்து அதுவரை அறியப்படாத ஆறு வைரஸ்கள் கிடைத்தன. அவை நோயை உண்டாக்குகின்றன என்று இதற்குப் பொருளில்லை. செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி தொலைந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. காப்பகத்தில் இறந்த பெலுகா திமிங்கிலம் ஒன்றின் ஈரலில் புதிய கொரோனா வைரஸ் இருந்ததாக 2008-இல் வெளியான ஆய்வையும் இந்தக் கவனத்துடன்தான் படிக்க வேண்டும்: வைரஸ் இருந்தது உறுதி, ஆனால் சாவுக்குக் காரணம் அதுதான் என்பதை ஒரே ஒரு விலங்கைக் கொண்டு நிறுவிவிட முடியாது.

2022 மார்ச்சில் ஃபுளோரிடாவின் கால்வாய் ஒன்றில் சிக்கித் தவித்த டால்பின், மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டது. உடலை இரவு முழுவதும் பனிக்கட்டியில் வைத்திருந்து மறுநாள் அறுத்துப் பார்த்தபோது மூளையில் கடுமையான அழற்சி தெரிந்தது. சில மாதங்கள் கழித்து, அந்தப் பகுதிப் பறவைகளிடையே பரவியிருந்த எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் அந்த மூளையில் இருப்பது உறுதியானது.