மதிய மணியும் குழாயடியும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் அறுபது பேர். நல்ல பழக்கங்களுக்கென்று வாரம் ஒரு பாடவேளை போதுமா? யோகாவும் சேர்க்கலாமா? சாப்பிடுமுன் கை கழுவச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. கேட்பதே இல்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

யோகா நல்லதுதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன்; பல நாளாக மனதில் கிடக்கும் விஷயம்.

பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள். மதிய மணி அடித்ததும் குழாயடியில் நின்று பாருங்கள். இடது கையில் தட்டு. வலது கையில் நாலு விரல் நுனி நனையும், ஓர் உதறல், ஓட்டம். இரண்டு கையும் சேராமல் எப்படித் தேய்ப்பது? தட்டை எங்கே வைப்பது? குழாய் நாலு என்றே வைப்போம். சோப்புப் போட்டுக் கழுவ ஒரு பிள்ளைக்கு 40 விநாடி. அறுபது பேருக்குப் பத்து நிமிடம். பசித்த பிள்ளையை அதுவரை நிற்கச் சொல்வது நியாயமே இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு மீட்டர் பிவிசி குழாயின் ஒரு முனையை மூடி, மறுமுனையைத் தண்ணீர் டிரம்மோடு இணைத்து, 20 செ.மீ.க்கு ஒன்றாகப் பத்துத் துளை போடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் போதும். பெரிதானால் டிரம் சீக்கிரம் காலியாகிவிடும். போர்த் தண்ணீரில் உப்புப் படிந்து துளை அடைக்கும், வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். டிரம்முக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வால்வு. பத்துப் பேர் நிற்க, திறந்து நனைத்து மூடுங்கள். 20 விநாடி சோப்பு: கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண். மறுபடி திறந்து அலசல். ஆறு தடவையில், நாலைந்து நிமிடத்தில் பள்ளி முழுவதும் முடிந்துவிடும். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் இப்படித்தான் கூட்டமாகக் கழுவுகிறார்கள், பல்லும் துலக்குகிறார்கள்.

சோப்புக் கட்டியைத் திண்ணையில் வைத்தால் கரையும், இல்லாவிட்டால் காக்கை தூக்கிப் போகும். நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் 30 கிராம் சோப்புத்தூள் கலந்து, மூடியில் துளை போட்டுப் பீய்ச்சலாம். கழுவிய கையைப் பாவாடையிலும் டவுசரிலும் துடைக்க விடாதீர்கள், உதறிக் காயட்டும்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறோமே, வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் அது கொல்லும். நகக்கண்ணில் மண்ணோடு ஒட்டிய உருளைப்புழு முட்டை மறுநாளே உள்ளே போகலாம். (கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக வருவது; அதற்குச் செருப்புதான்.)

பாடவேளை கேட்டீர்கள். வாரம் ஒரு மணி நேரம் வேண்டாம். மணிக்கும் சோற்றுக்கும் நடுவே தினமும் ஐந்து நிமிடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வால்வு உங்கள் கையில் இருக்கட்டும், பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடலாம். ஆசிரியர்களும் அதே வரிசையில் நின்று கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும், தாயே.